எஞ்சினுக்கும் சில்லுக்கும் பொருத்தம்

திருமணப் பேச்சு நிகழும் வீடுகளிலே முதன்முதல் எழும் வினா, “பொருத்தம் பார்த்தாயிற்றா?” என்பதாகும். பெண் நல்லவள், பிள்ளை நல்லவன், இரு குடும்பங்களும் மதிப்புடையன என்று அறிந்த பின்னரும் நம் முதியோர் அவ்வினாவைக் கைவிடுவதில்லை. தனித்தனியே நல்லனவாயுள்ள இரண்டு, ஒன்று சேர்ந்தவிடத்தும் நல்லனவாகவே அமையும் என்பதற்கு உறுதியில்லை என்பதே அவ்வினாவின் உட்பொருள். சாதகத்திலே நம்பிக்கை உடையார்க்கும் இல்லார்க்கும் இவ்வுட்பொருள் ஒப்ப முடிந்ததேயாம். இவ்வுண்மையை நாம் ஒரு பழைய அமெரிக்க மோட்டார் வண்டியின் அடியிலே கண்டுகொண்ட வரலாற்றை, இவ்விழாமலரைப் படிக்கும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

தமிழாசிரியர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று பழைய மாணவர் சிலர் வியத்தல் கூடும். காரணம் இரண்டு. 2013 ஆம் ஆண்டிலே க.பொ.த. உயர்தர வகுப்புக்களில் தொழினுட்பத் துறை புகுத்தப்பட்டதன் பின்னர், அத்துறை மாணவர்கள் சொல் தேடி எம்மிடம் வருதல் வழக்கமாயிற்று. “சேர், இதற்குத் தமிழ் என்ன?” என்று அவர்கள் கேட்கும்போது, கருவியின் தொழிலை அறியாது பெயர் சூட்டுதல், குழந்தையைக் காணாது பெயரிடுதல் போலாகும் என்று எண்ணி, அக்கருவி செய்யும் வேலையை முதலில் அவர்களிடமே கேட்டறிவது எமது வழக்கம். இஃது ஒரு காரணம்.

மற்றையது, எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இன்று அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலே டெற்றோயிற் நகருக்கு அணித்தாகக் குடும்பத்துடன் வாழ்கின்றார். அவர் ஒரு 1969 ஆம் ஆண்டுப் பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. வண்டியை வாங்கித் திருத்தி வந்தார். அவ்வண்டியின் ‘டோர்க் கொன்வேட்டர்’ என்னும் உறுப்பைத் தெரிந்தெடுக்க அவர் பட்ட பாட்டை இரண்டு மாத காலம் தொலைபேசியிலே கேட்டோம். பின்னர், கடந்த ஆகஸ்டு விடுமுறையில் ரொறன்ரோவிலுள்ள எம் உறவினரிடம் சென்றிருந்தபோது, எல்லை கடந்து மிச்சிக்கனுக்கும் போய், அவர் வீட்டிலே இரு வாரம் தங்கி, அவ்வுறுப்புப் பூட்டப்பட்டதை நேரிலும் கண்டோம்.

அமெரிக்கர் ‘மசில் கார்’ என வழங்கும் வண்டியினம் யாதெனின், நடுத்தர அளவுடைய வண்டியிலே பெரிய வண்டிக்குரிய வலிய எஞ்சினை வைத்து, சாதாரண மக்களும் வாங்கத்தக்க விலையில் விற்கப்பட்டதேயாம். இவ்வினத்தைப் புகழ்பெறச் செய்தது 1964 ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. என்பர். அக்காலத்திலே ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தன் நடுத்தர வண்டிகளுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைத்தலாகாது என்று வரம்பிட்டிருந்தது. பொன்ரியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளராயிருந்த ஜோன் டிலோரியனும் அவர் குழுவினரும், 389 கன அங்குல எஞ்சினைத் தனி வண்டியாக அன்றி, விரும்புவோர் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் மேலதிகப் பொருத்துப்பொருளாக அறிவித்து, அவ்வரம்பைச் சுற்றிக் கடந்தனர். அவ்வாண்டில் மட்டும் 32,450 வண்டிகள் விற்பனையாயின. 1969 ஆம் ஆண்டின் வண்டியிலே எஞ்சின் 400 கன அங்குலமாகவும், அடிப்படை வலு 350 பரிவலுவாகவும், முறுக்குவிசை 445 இறாத்தல்-அடியாகவும் வளர்ந்திருந்தன. பின்னர் காற்று மாசினைத் தடுக்கும் சட்டமும், காப்புறுதிக் கட்டண உயர்வும், 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அவ்வினத்தின் பொற்காலத்தை முடித்து வைத்தன. பொன்ரியாக் என்னும் பெயரே 2010 ஆம் ஆண்டில் வழக்கொழிந்தது. ஆயினும் அவ்வண்டிகளைப் பேணுவோர் இன்றும் பலர்.

எமது மாணவரின் வண்டிக்கு வந்த இடர் இது. அதனை முன்னர் வைத்திருந்த ஒருவர் ஓட்டப்பந்தய ஆசையினாலே சிறிய கொன்வேட்டர் ஒன்றைப் பூட்டியிருந்தார். கால் வைத்தவுடன் எஞ்சின் பேரொலி எழுப்பும். வண்டியோ தயங்கி நின்று பின் பாயும். நெடுஞ்சாலையிற் சென்று வந்தாற் கியர்ப்பெட்டியின் எண்ணெய் செந்நிறம் மாறிக் கபில நிறமாகிக் கருகிய நாற்றம் வீசும். ஒருமுறை கியர்ப்பெட்டியே வெந்துபோக, அதனைக் கழற்றிப் புதுக்குவதற்குக் குடும்பத்தின் சேமிப்பிலே பெரும்பங்கு செலவாயிற்று. இன்னொரு முறை இவ்வாறு நேர்ந்தால் வண்டியை விற்றுவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தனர்.

இதனினும் அவரை வருத்தியது வேறொன்று. அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று மகனோடு வாழ்பவர், கணவரை இழந்தவர். பொன்ரியாக் நகரிலே பராசக்தி கோயில் ஒன்றுண்டு. வண்டிக்குப் பெயர் தந்த அந்நகரின் கோயிலுக்குத் தாயாரை அந்த வண்டியிலேயே வெள்ளிக்கிழமைதோறும் அழைத்துச் செல்லவேண்டும் என்பது மகனின் ஆசை. தாயாரோ இருமுறை ஏறிய பின்னர் மறுத்துவிட்டார். “இது புறப்படுமுன் கத்துகிறது, புறப்பட்டபின் பாய்கிறது, எனக்கு நெஞ்சு படபடக்கிறது” என்பது அவர் சொல். பொறியியலாளர் எவரும் அவ்வண்டியின் நோயை இதனிலும் சுருக்கமாகச் சொல்லியிருத்தல் இயலாது என்பதை, அவ்வுறுப்பின் தொழிலை அறிந்தபின் உணர்ந்தோம்.

அத்தொழிலை இனிச் சொல்வோம். எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தாலன்றி வலுத் தராது. வண்டியோ நின்ற நிலையிலிருந்து புறப்படவேண்டும். சுற்றுகின்ற ஒன்றையும் நிற்கின்ற ஒன்றையும் இறுகப் பிணைத்தால், எஞ்சின் அடங்கிவிடும். அல்லது ஏதேனும் ஓருறுப்பு முறியும். ஆகவே இரண்டுக்குமிடையே வழுக்கிக் கொடுக்கும் இணைப்பொன்று வேண்டும். கையாற் கியர் மாற்றும் வண்டியிலே அவ்வேலையைக் கால்மிதியால் இயங்கும் கிளச்சுத் தட்டுச் செய்கின்றது. தானே கியர் மாறும் வண்டியிலே அதனை எண்ணெய் செய்கின்றது. ஒன்றையொன்று நோக்கி வைத்த இரு மின்விசிறிகளுள் ஒன்றை ஓட்டினால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலத் தொடங்குவதை மாணவர் கண்டிருப்பர். காற்றுக்குப் பதில் எண்ணெயையும், திறந்த வெளிக்குப் பதில் மூடிய உருக்குக் கூட்டையும் எண்ணிக்கொள்க.

இக்கருத்து முதலிற் கப்பலுக்காகவே தோன்றியது. ஜேர்மனிய நாட்டுப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்பார், ஸ்டெற்றின் நகரின் வுல்கான் கப்பற்றளத்திலே பணிபுரிந்த காலத்தில், 1905 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவிச் சுழலி விரைந்து சுற்றும்போதே நன்றாக வேலை செய்யும். கப்பலின் உந்திச் சில்லோ மெல்லச் சுற்றும்போதே நன்றாகத் தள்ளும். ஒத்துப்போகாத இவ்விரண்டையும் ஒத்துப்போகச் செய்யவே அவர் திரவத்தை இடையில் வைத்தார். அமெரிக்க வண்டிகளுள், 1940 ஆம் ஆண்டு வகை ஓல்ட்ஸ்மொபீலிலே வந்த ஹைட்ராமற்றிக், விசையைக் கடத்துவதன்றிப் பெருக்காத எளிய எண்ணெய் இணைப்பை உடையது. விசையைப் பெருக்கும் கொன்வேட்டர் 1948 ஆம் ஆண்டிலே பியூயிக் வண்டியின் டைனாஃப்ளோவில் வந்தது.

கொன்வேட்டரின் உள்ளே இருப்பன மூன்று. எஞ்சினோடு சேர்ந்து சுற்றி எண்ணெயை வெளிநோக்கி வீசுவது ஒன்று. அவ்வெண்ணெயின் மோதலை ஏற்றுக் கியர்ப்பெட்டியைச் சுற்றுவது மற்றொன்று. திரும்பி வரும் எண்ணெயை முதலாவதன் சுழற்சிக்குத் துணையாகுமாறு வளைத்துவிடுவது மூன்றாவது. இவற்றை முறையே இறைசில்லு, ஏற்சில்லு, திருப்புசில்லு என நாம் மாணவர்க்குப் பெயரிட்டுக் கொடுத்தோம். மூன்றாவதே இக்கருவியின் உயிர். அஃது இல்லையேல், ஏற்சில்லிலிருந்து மீளும் எண்ணெய் இறைசில்லின் முகத்திலடித்து அதனைத் தடுக்கும். அஃது இருத்தலாலே எண்ணெயின் எஞ்சிய வேகமும் வீணாகாது மீண்டும் உதவ, புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்காகின்றது. இரு சில்லுகளின் வேகமும் நெருங்கியதும், திருப்புசில்லு தன் ஒருவழிப் பூட்டு நெகிழ்ந்து, தானும் உடன் சுற்றிவிடும். அதன்பின் பெருக்கம் இல்லை, கடத்தல் மட்டுமே. வேகத்தைக் கொடுத்து விசையைப் பெறுகின்றோம். இடைக்கூலி வெப்பமாய்ப் போகின்றது.

இனி, தெரிவுக்கு அளவுகோலாக நிற்கும் எண்ணைச் சொல்லவேண்டும். ஏற்சில்லு அசையாது நிற்க, முழு எரிபொருளும் கொடுக்கப்பட்ட எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஏறி, அதற்குமேல் ஏறமாட்டாது தேங்கி நிற்குமோ, அவ்வெண்ணை அமெரிக்கர் ‘ஸ்டோல்’ என்பர். நாம் அதனைத் தேக்கச் சுற்று என்போம். தேக்கச் சுற்று 3,500 எனின், 3,500 வரை வண்டி அசையாது என்று பொருள்கொள்ளல் தவறு. மெல்ல மிதித்தால் வண்டி முன்னரே நகரும். எனினும் எஞ்சின் முந்தியோட, வண்டி பிந்திவரும் வழுக்கல் நீங்காது. அவ்வழுக்கலே வெப்பத்துக்குத் தாய்.

அவ்வெண்ணைத் தீர்மானிப்பனவற்றுள் முதன்மையானது கொன்வேட்டரின் விட்டம். ஒரே வடிவுடைய கொன்வேட்டர்கள் விழுங்கும் முறுக்குவிசை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தும் சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தும் மாறும். 12 அங்குல விட்டத்தை 10 அங்குலமாக்கினால், குறைவு ஆறிலொரு பங்கே எனக் கண்ணுக்குத் தோன்றும். ஐந்தாம் அடுக்கை எடுத்தாலோ, 248,832 க்கு 100,000 ஆகின்றது. அஃதாவது ஒரே சுற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கு விசையையே சிறியது தாங்கும். இரண்டங்குலத்திலே இத்துணை வேறுபாடு இருத்தல் எம்மைப் பெரிதும் வியக்கச் செய்தது. சிறியது என்பதனாலே தீங்கற்றது என எண்ணி முந்தையவர் பூட்டியது, வண்டியின் குணத்தையே மாற்றியமைக்கு இதுவே காரணம்.

இவ்விடத்திலேதான் எமது மாணவர் பொருத்தம் பார்க்கத் தொடங்கினார். கொன்வேட்டர் செய்து கொடுப்போர் ஐந்து வினாக்களைக் கேட்பர். எஞ்சின் யாது, எவ்வளவு முறுக்குவிசை தரும் என்பது முதல் வினா. அதன் வால்வுகளைத் திறந்து மூடும் காம்ஷாப்டு எத்தகையது, எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்று வரை வலுத் தரும் என்பது இரண்டாவது. வண்டியின் எடை மூன்றாவது. பின்னச்சின் பல்விகிதமும் சில்லின் உயரமும் நான்காவது. வண்டியை எதற்குப் பயன்படுத்துவீர் என்பது ஐந்தாவது. ஐந்தாவது வினா எளியது போலத் தோன்றினும் அதற்கு நேர்மையாக விடை கூறுவோர் அரியர் என்று எமது மாணவர் சொன்னார். கோயிலுக்கும் கடைக்கும் போகிறவர் தம்மைப் பந்தய வீரர் என்று எழுதிவிடுவர். அவ்வெழுத்துக்கு ஏற்ற உறுப்பும் வந்து சேரும். அதன் பயனை ஆண்டு முழுதும் அனுபவிப்பர்.

அவருக்கு ஆலோசனை கூற வந்தோரும் ஒரு கருத்தினரல்லர். அயல்வீட்டு முதியவர் ஒருவர், வண்டித் தொழிற்சாலையிற் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்றவர், தொழிற்சாலை வைத்த பெரிய கொன்வேட்டரையே மீண்டும் வைக்கவேண்டும் என்றார். பந்தயத்திலே ஈடுபட்ட இளைஞர் ஒருவர், உள்ளதையே வைத்துக்கொண்டு எண்ணெய் குளிர்த்தும் கருவியைப் பெரிதாக்கினாற் போதும் என்றார். மூன்றாமவர் கியர்ப்பெட்டியையே மாற்றி, ஓடுவேகத்தில் வழுக்கலின்றிப் பூட்டிக்கொள்ளும் கிளச்சுடைய பிற்காலப் பெட்டியை வைக்குமாறு கூறினார். அத்தகைய பூட்டு 1949 ஆம் ஆண்டிலே பக்கார்ட் வண்டியில் வந்து, 1978 ஆம் ஆண்டு முதற் கிறைஸ்லர் வண்டிகளிலும் வந்தது. வழி நல்லதாயினும், அப்பெட்டியை இவ்வெஞ்சினின் வலிமைக்குத் தாங்குமாறு உரமாக்கும் செலவு அவர்க்கு இயலாததாயிற்று.

மூவர் சொல்லிலும் உண்மை இருந்தது. ஆயின் எவர் சொல்லும் இவ்வண்டியை முழுதாக நோக்கியதன்று. முதியவர் சொன்ன பெரிய கொன்வேட்டர் பழைய காம்ஷாப்டுக்குப் பொருந்துவது. முந்தையவரோ காம்ஷாப்டையும் மாற்றியிருந்தார். வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்கும் அத்தகைய தண்டுடைய எஞ்சின் தாழ்ந்த சுற்றிலே வலுக்குன்றித் தடுமாறும். பெரிய கொன்வேட்டர் அத்தாழ்ந்த சுற்றிலேயே அதனை இழுத்துப் பிடித்தால், சந்தியிலே நிறுத்தத்தில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். சிலவேளை அடங்கியும் போகும். ஆகையாற் பழையதற்குத் திரும்புதலும் தீர்வாகாது.

அவர் தாளும் பேனாவும் எடுத்து எண்களை எழுதினார். எமக்கும் தொலைபேசியிலே வாசித்தார். எஞ்சினின் முறுக்குவிசை 430 இறாத்தல்-அடி எனக் கொண்டார். காம்ஷாப்டு நன்றாக வலுத் தரத் தொடங்குவது ஏறக்குறைய 1,800 சுற்றில். பின்னச்சின் விகிதம் 3.55; சில்லின் உயரம் 27 அங்குலம். மணிக்கு 60 மைல் வேகத்திலே, வழுக்கல் இல்லையெனக் கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,650 சுற்றிலே நிற்கும். முந்தைய கொன்வேட்டரின் தேக்கச் சுற்று 3,500. நெடுஞ்சாலையில் ஓடும்போதும் எஞ்சின் அதன் தேக்கச் சுற்றை எட்டவே இல்லை. மேட்டிலே ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் சில்லுகள் இறுகாது வழுக்கிக்கொண்டே இருந்தன. எண்ணெய் கருகியதன் காரணம் அத்தாளிலே வெளிப்பட்டது. இவ்வெண்ணெய் 80 முதல் 95 பாகை செல்சியசு வரையிலே நெடுநாள் நிலைக்கும். அதன்மேல் ஏற ஏற அதன் ஆயுள் விரைந்து குறையும்.

ஆகவே வேண்டியது, 1,800 க்கு மேலும் 2,650 க்குக் கீழுமாய் நிற்கும் தேக்கச் சுற்று. அவர் 2,400 என முடிவு செய்தார். அங்கும் ஒரு நுட்பம் உண்டு. 2,400 என்று பெட்டியிலே அச்சிட்டதை வாங்கினாற் போதாது. அவ்வெண் எந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்டது எனக் கேட்டல் வேண்டும். தேக்கச் சுற்று எஞ்சினது முறுக்குவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். 300 இறாத்தல்-அடி தரும் சிறிய எஞ்சினிலே 2,000 சுற்றில் தேங்கும் கொன்வேட்டர், 430 தரும் இவ்வெஞ்சினிலே 2,400 க்கு அணித்தாகத் தேங்கும். சிறிய எஞ்சினுக்கு 2,400 என்று சொல்லப்பட்டதை இதிலே வைத்தால் 2,870 வரை ஏறிவிடும். எண் கொன்வேட்டருக்கு மட்டும் உரியதன்று. இருவர் சேர்க்கைக்கு உரியது. ஒரே உறுப்பு ஒரு வண்டியிலே அமைதியாகவும் மற்றொன்றிலே முரடாகவும் இருத்தலின் காரணம் இஃதே.

தொழிற்சாலையினரும் இப்பொருத்தத்தின் அருமையை அறிந்திருந்தனர். 1965 முதல் 1967 வரை பியூயிக், ஓல்ட்ஸ்மொபீல், கடிலாக் வண்டிகளிலே வந்த ரேர்போ ஹைட்ராமற்றிக் 400 கியர்ப்பெட்டியில், திருப்புசில்லின் இதழ்களை வேண்டியபோது சாய்த்துத் தேக்கச் சுற்றை உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்திருந்தனர். புறப்படும்போது ஒரு குணமும் ஓடும்போது வேறொரு குணமும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. எமது மாணவரின் வண்டியிலும் அதே குடும்பத்துப் பெட்டியே இருந்தது. இதழ் சாயும் வசதி மட்டும் இல்லை. ஆகையால் ஒரே எண்ணிலே இரண்டுக்கும் நடுவு காணவேண்டியிருந்தது.

புதிய கொன்வேட்டர் வந்து சேர்ந்தபோது நாமும் அங்கிருந்தோம். தொழிற்சாலைக் கொன்வேட்டரே வேண்டும் என்று வாதாடிய முதியவர்தாம் அதனைப் பூட்ட முதலில் வந்து நின்றார். கூட்டினுள்ளே ஒரு லீற்றர் அளவு புதிய எண்ணெயை ஊற்றி, கியர்ப்பெட்டியின் முன்தண்டிலே அதனை ஏற்றி, மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளவேண்டும். ஏற்சில்லின் தண்டிலும், திருப்புசில்லைத் தாங்கும் குழாயிலும், எண்ணெய்ப் பம்பியின் பற்களிலுமாக அது மூன்று முறை இறங்கி அமரும். மூன்றாம் முறை அமராதிருக்கும்போதே ஆணிகளை முறுக்கிக் கியர்ப்பெட்டியை எஞ்சினோடு இழுத்தால், பம்பி உடைந்துபோம். முதியவர் காதைக் கிட்ட வைத்து, ஒவ்வொரு முறையும் எழுந்த சிற்றொலியைக் கேட்டு விரல் மடக்கி எண்ணினார். மூன்று விரலும் மடங்கிய பின்னரும், எஞ்சின் தட்டுக்கும் கொன்வேட்டருக்கும் இடையே எட்டிலொரு அங்குலம் குறையாத வெளி உண்டா என அளந்து பார்த்த பின்னரே ஆணி பூட்ட இசைந்தார். குளிர்த்தும் கருவியின் குழாய்களும் கழுவப்பட்டன. பழைய எண்ணெயின் கசடு புதிய உறுப்பினுட் புகுதலாகாது அன்றோ.

அவ்வாரத்து வெள்ளிக்கிழமை மாலை, பலமுறை மன்றாடிய பின்னர், தாயார் வண்டியின் பின்னாசனத்தில் ஏறினார். நாம் முன்னாசனத்தில் இருந்தோம். சந்தியிலே பச்சை விளக்கு எரிந்ததும் மகன் மெல்ல மிதித்தார். ஒலி சற்றே எழுந்தது. எழுந்த அளவிலேயே வண்டியும் நகர்ந்தது. நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்திலே சுற்றுமானி 2,750 ஐக் காட்டிற்று. வழுக்கல் நூறு சுற்றளவே என மகன் மகிழ்ச்சியோடு சொன்னார். தாயார் அவ்வெண்களைச் செவிமடுத்தாரல்லர். கோயில் வாயிலில் இறங்கும்போது, “இப்போதுதான் இது சொல்வழி கேட்கிறது, தம்பி” என்றார். மகன் மறுமொழி கூறாது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆகஸ்டு மாதத்து மூன்றாஞ் சனிக்கிழமை. டெற்றோயிற் நகரின் நடுவிலிருந்து பொன்ரியாக் நகர் வரை செல்லும் வூட்வேட் பெருந்தெருவிலே, 1995 ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய வண்டிகளின் பவனி நடைபெறும் நாள் அது. 1960 களிலே இளைஞர் இரவிற் பந்தயம் ஓடிய அத்தெருவிலே, அன்று அவ்வண்டிகள் நமது ஊர்த் தேர் போல ஊர்ந்து சென்றன. கடும் வெயிலிலே பல நாழிகை நிற்பதும் நகர்வதுமாயிருந்தும், எண்ணெயின் வெப்பமானி எல்லையைத் தாண்டவில்லை. முதியவர் பக்கத்தாசனத்திலே அமர்ந்து, தாம் தொழில் செய்த காலத்து வண்டிகளை ஒவ்வொன்றாய்ச் சுட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்.

எம்மிடம் சொல் கேட்டு வரும் மாணவர்க்கு இவ்வரலாற்றால் நாம் கூறுவது ஒன்றுண்டு. ‘டோர்க் கொன்வேட்டர்’ என்பதை முறுக்கு மாற்றி என்று தமிழாக்கலாம். விசையைப் பெருக்குதலின் முறுக்குப் பெருக்கி என்றலும் ஒருவகையிற் பொருந்தும். ஆயினும் அஃது எப்போதும் பெருக்குவதன்று. வேண்டும்போது பெருக்கி, வேண்டாதபோது விட்டுக்கொடுத்து உடன் ஓடுவது. ஆகையால் மாற்றி என்பதே தக்கதென நாம் கொள்கின்றோம். வகுப்பிலே சொல்லை எழுதும்போது, பக்கத்திலே இவ்வளவையும் நினைத்துக்கொள்க.

அன்றியும், கடையிலே அடுக்கி வைத்திருப்பனவற்றுட் பெரிய எண்ணை உடையதே சிறந்தது என்னும் மயக்கம் வண்டி வாங்குவோரிடம் மட்டும் உள்ளதன்று. பாடத்தெரிவிலும் பல்கலைக்கழகத் தெரிவிலும் தொழிற்றெரிவிலும் அதனை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். உயர்ந்தது எது என்று வினவும் பெற்றோர் பலர். இப்பிள்ளைக்குப் பொருந்துவது எது என்று வினவுவோர் சிலர். எமது மாணவர் ஐந்து வினாக்களுக்கும் நேர்மையாக விடையெழுதினார். எல்லாவற்றுள்ளும் ஐந்தாவதற்கு, “தாயாரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல” என்று எழுதியனுப்பினார். கொன்வேட்டர் செய்து கொடுப்போர் அவ்விடையைக் கண்டு நகைத்தார்களோ அன்றோ, அதற்கேற்ற உறுப்பையே அனுப்பினார்கள். இக்கல்லூரியின் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் மாணவர்களும், தத்தம் வாழ்விலே ஐந்தாவது வினா வரும்போது அவ்வாறே மெய்யான விடை எழுதுவாராக.